அலவன் இரையும் உள்ளுறையும்

உள்ளுறை உவமம், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலமாகக் கொண்டு தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஆகவே, உள்ளுறை காணப் புகுவார் பாட்டில் வரும் உயிர்களின் இயல்பை, சிறப்பாக அவை இரை கொள்ளும் முறையை, முதற்கண் அறிதல் வேண்டும். அம்மூவனார் பாடிய நற்றிணை 35-ஆம் பாட்டைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

கடற்கரை மணலில் கரிய நாவற்கனி வீழ்ந்து கிடக்கின்றது. அதனைத் தன் இனமெனக் கருதித் தும்பி மொய்க்கின்றது. தும்பியைக் கனியெனக் கருதி அலவன் பற்றுகின்றது. பற்றப்பட்ட தும்பி யாழ்நரம்பென இமிர்கின்றது. இரை தேடும் நாரை ஆண்டு வரவே, அப்பூசல் தீர்கின்றது. மணந்தபின், ‘தலைவியை நன்கு ஆற்றுவித்தாய்’ எனப் பாராட்டிய தலைவனுக்குத் தோழி கூறும் மறுமொழி இது.

நண்டு கனியை நாடுமோ எனச் சிலர் ஐயுறலாம். கரைவாழ் நண்டுகள் யாவும் ஒரே வகையாக உண்பன அல்ல. டோட்டில்லா முதலிய சிறு நண்டுகள், நீர் வற்றிய பொழுதில் வளையினின்றும் வெளிப்போந்து, ஈரமணலைக் கொடுக்கால் அள்ளி வாயிலிட்டு, அதிற் படிந்த நுண்ணுயிர்களைப் பிரித்துண்டு, எஞ்சிய மணலைச் சிறு உருண்டைகளாக ஒதுக்கிவிடுகின்றன. இவை ஓடிப் பற்றுவன அல்ல. ஆசிபோடி இனத்து நண்டுகளோ விரைந்தோடுவன. பூச்சி, சிப்பி, இறந்த மீன், கரையொதுங்கிய செடிப்பொருள் என எதிர்ப்பட்டவற்றை உண்பன. அம்மூவனாரின் அலவன் இப்பின்னைய வகையது என்பது எம் துணிபு. கனியெனப் பிறழக் கருதுதல் புலவர் கற்பனையாகலாம். பற்றும் வேட்கை இயற்கையே. ஐங்குறுநூற்றுக் கள்வற்பத்தில், நெற்கதிரைக் கொண்டு வளை புகும் வயல்நண்டை ஓரம்போகியார் காட்டுதலும் ஒப்புநோக்கத்தக்கது.

இனி, நாரை நண்டையும் உண்ணும். காம்பின்மேல் நிற்கும் கண்களால் பகையின் வரவை உணர்ந்து வளைக்கு ஓடுதல் கரைநண்டின் இயல்பு. ஆதலின் தும்பி விடுபட்டது நாரையின் வரவால். அதன் இரக்கத்தால் அன்று. அது தன் பசி தீர்க்கவே வந்தது.

நாரையைத் தலைவனாகவும், தும்பியைத் தலைவியாகவும், அலவனைக் களவின்கண் நேர்ந்த துன்பமாகவும் கொண்டு, இது தலைவன் அருளைப் புகழ்ந்தது எனல் எளிது. ஆயின், இரை தேடுதலை நாரைக்கு அடையாகப் புலவர் கொடுத்தமை அவ்வுரையைத் தடுக்கின்றது. ‘இவளை ஆற்றுவித்தது என் திறன் அன்று, நின் வரவே, அவ்வரவும் நின் வேட்கையால் நேர்ந்தது’ என்பதே தோழியின் குறிப்பாகும். இதற்கேற்பவே, தலைவன் அகலாது அளிப்பினும், சிறிது நெகிழ்ந்த அளவிலேயே தலைவியின் கண் பசத்தலை அவள் பின்னர் எடுத்துரைக்கின்றாள். ஒருகால் வந்து விடுவித்தல் அமையாது, என்றும் உடனிருத்தல் வேண்டும் என்பது பயன்.

நாரையின் பசியை நீக்கிவிட்டால் இப்பாட்டு வெறும் புகழுரையாய் முடியும். எனவே, நெய்தற்பாட்டுக்கு உரை காண்பார்க்குக் கடற்கரை உயிர்களின் ஊண்முறை பற்றிய அறிவு புறம்பானதன்று என்க.