கதை கேட்கும் மரியாதை: வன்னியின் வாய்மொழியும் விவிலியமும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை வன்னியின் முள்ளியவளையில் யாரிடம் கேட்டாலும் ஒரு கிழவியில்தான் தொடங்குவார்கள். மதுரையை எரித்த சினம் ஆறாமல் கடல் கடந்து வந்த கண்ணகி, நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களுக்கு முன்னால் முதியவளாக வந்து நிற்கிறாள். பசிக்கிறது என்கிறாள். யார், எவர், எந்த ஊர், என்ன சாதி என்று அவர்கள் விசாரிக்கவில்லை. குழை வெட்டிப் பந்தல் போடுகிறார்கள். பாற்புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறாள் கிழவி. பொடியன்கள் சிரிக்கவில்லை, சொன்னபடி செய்கிறார்கள், விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். முடியை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். கண்டு திகைத்தவர்கள் திரும்பப் பார்க்கும்போது கிழவி இல்லை.

இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரித்து, பின் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். உப்புநீர் எரியுமா என்பதைப் பற்றியே வெளியூரார் பேசுவார்கள். எனக்கு அந்தப் பொடியன்களே முக்கியம். வந்தவள் தெய்வம் என்று தெரியுமுன்பே அவள் சொல்லைக் கேட்டார்கள். ஆளின் தராதரம் தெரிந்தபின் கொடுக்கும் மரியாதையை இந்தக் கதை பொருட்படுத்தவே இல்லை.

பூர்வகுடிகளின் கதைமரபையும் கிறிஸ்தவ வேதத்தையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று மரியாதையைக் கற்றுக்கொள்ளும் முயற்சி அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சில பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. வடக்கு அவுஸ்திரேலியாவின் நவ்யு என்ற ஊரைச் சேர்ந்த மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பவ்மன் என்ற ஆதிக்குடிப் பெண், கத்தோலிக்கர், ஆசிரியை, ஓவியர். அவர் தம் மக்களின் ஆழ்ந்து கேட்டிருக்கும் பழக்கத்தை, 'டாடிரி' என்ற அவர்களுடைய சொல்லாலேயே 1988இல் திருச்சபைக்கு எடுத்துச்சொன்னார். குவீன்ஸ்லாந்தின் மூதாளர்கள் சிலர் சேர்ந்து, வானவில் ஆவியின் கதைகளையும் ஆதியாகமத்தையும் ஒன்றாக வாசித்த தங்கள் இறையியலை 1997இல் நூலாக்கினார்கள். கனடாவின் ஐக்கிய திருச்சபை 1986இல் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்து பிரித்த விடுதிப் பள்ளிகளைப் பற்றிய உண்மை ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. 2022 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அங்கே இந்தத் துறை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. கதை சொல்லக் கூடாது என்று வாயைப் பொத்தியவர்கள், இப்போது சொல்லுங்கள் என்று காத்திருக்கிறார்கள்.

வன்னியில் இப்படியொரு துறை இல்லை. இலங்கையில் பூர்வகுடி என்றால் முதலில் வேடரைத்தான் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் கரையோர வேடர் கிழக்கே வாகரை, மூதூர்ப் பக்கம் இன்றும் வாழ்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்பிலிருந்து மெதடிஸ்த மிஷனரிமார் வேடரிடம் போனதும் வரலாறு. வன்னியைப் பொறுத்தவரை, காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த குடிகளின் வாய்மொழியையே நாம் எடுத்துக்கொள்ள முடியும். அது குறைந்த சரக்கல்ல. ஆங்கில அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு, வரி, குளம், நோய் என்று நிருவாகக் கணக்கோடு ஊர் வழக்கங்களையும் குறித்துவைத்தது. ஆனால் அது கச்சேரியில் இருந்தவரின் காது. நம்மவர் பக்கத்தில் மெற்றாஸ் மயில் வன்னி வளநாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். முல்லைமணி வன்னி மன்னன் பண்டாரவன்னியனை நாடகமாக்கினார். அரியாத்தை கதையை அருணா செல்லத்துரை 'வேழம்படுத்த வீராங்கனை' என்று கூத்தாக்கினார். கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினித் தெய்வ வழிபாட்டு ஆய்வு மிகப் பெரியது; அதன் மையம் சிங்களக் கிராமங்கள். வன்னிக்கென்று அப்படியொரு நூல் இன்னும் எழுதப்பட வேண்டியதுதான்.

அரியாத்தை குமுளமுனைப் பக்கத்துப் பெண், வேலப்பணிக்கனின் மனைவி. கொம்பன் யானையை அடக்கிக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் சாவை ஊர் ஒப்பாரியாகவே பாடிவைத்திருக்கிறது. வீரத்தைப் பாட வேறு எத்தனையோ வடிவம் இருக்க, ஒப்பாரியை ஏன் தேர்ந்தார்கள்? ஒப்பாரி சொல்லும் பெண்ணை யாரும் இடைமறிப்பதில்லை. புருஷனைக் குறைசொல்லலாம், மாமியைக் குத்தலாம், ஊரையே ஏசலாம். ஆண்கள் படலைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும். மற்ற நாளில் வாய் திறக்க இடமில்லாதவளுக்கு அந்த முற்றம் முழுவதும் சொந்தம். வன்னிச் சமூகம் பெண்ணின் சொல்லுக்கு ஒதுக்கிக்கொடுத்த மிகப் பெரிய மரியாதை அதுதான். அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே ஓசை முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் உண்டு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே காலமான யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ராகமிழுத்து வாசிக்கப்படுகிறது. பிள்ளையை மடியில் கிடத்திய மரியாளின் துயரம் ஒப்பாரியின் சாயலில் வரும்போது, அதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. கொன்சால்வஸுக்கு இந்த மண்ணின் காது தெரிந்திருந்தது.

மடு மாதா தலத்தின் கதையும் கேட்டு நடந்த கதைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள் என்பது மரபு. அன்று ஒல்லாந்தருக்கு எட்டாத அந்தக் காடு கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்தது. ஆக, வேறு கிறிஸ்தவரால் துரத்தப்பட்ட கிறிஸ்தவருக்கு பௌத்த அரசனின் நிழலும் சைவரின் அயலும் அடைக்கலமாயின. மருதமடு மாதாவுக்கு 1924இல் முடிசூட்டினார்கள். ஆவணித் திருநாளுக்கு மரத்தடியில் கூடாரமடித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறவர்களில் சைவரும் சிங்களவரும் கணிசம். பாம்புக்கடிக்குக் காவல் என்று மடு மண்ணை முடிந்துகொண்டு போவோரிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. அதே மடுவில் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து அடைக்கலம் தேடி வந்திருந்தவர்கள் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சுரூபம் தேவன்பிட்டிக்கு மறுபடியும் இடம்பெயர்ந்தது. வன்னிச் சனத்தோடு சேர்ந்து மாதாவும் மூட்டை கட்டினாள் என்று சொல்லப்படுவதை நான் வெறும் பக்திப் பேச்சாக எடுப்பதில்லை. ஒரு சமூகம் தன் கதையைத் தெய்வத்தின் கதைக்குள் வைத்துப் பார்க்கும் முறை அது.

மரியாதை கெட்ட காலங்களை மறைக்க முடியாது. போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு மிஷன் துண்டுப்பிரசுரங்கள் சைவக் கதைகளைக் கேலி செய்தன. ஆறுமுக நாவலரும் விவிலியக் கதைகளை அதே சூட்டில் திருப்பியடித்தார். ஆனால் அதே நாவலர்தான் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்கினார். அந்தப் பதிப்பு 1850இல் சென்னையில் அச்சானது. தான் ஏற்காத வேதத்துக்கு நல்ல தமிழ் கொடுக்க ஒரு சைவர் இசைந்தார். தன் வேதத்தைத் தொட ஒரு சைவரை அனுமதிக்கப் பாதிரியார் இசைந்தார். வாதத்தைவிட அந்த மேசை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பின்னால் தெல்லிப்பழையில் பிறந்த டி. ரி. நைல்ஸ், உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சமய உரையாடல் பிரிவை நடத்திய வெஸ்லி அரியராசா ஆகியோர் இந்த வழியை உலக அரங்குக்குக் கொண்டுபோனார்கள். விவிலியமும் பிற சமயத்தவரும் பற்றி அரியராசா 1985இல் எழுதிய சிறுநூல் இன்றும் படிக்கத் தக்கது. அதன் பின்னால் இருப்பது வேலிக்கு அடுத்த பக்கத்துச் சைவ வீடு.

விவிலியத்தில் உரையாடல் என்றதும் சமாரியப் பெண்ணையும் கிணற்றையும் எல்லோரும் எடுப்பார்கள். வன்னியிலிருந்து வாசித்தால் மாற்கு ஏழாம் அதிகாரத்துச் சீரோபெனிக்கியப் பெண்ணே முன்னுக்கு வருகிறாள். மகளுக்குச் சுகம் கேட்டு வருகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடலாகாது என்ற பொருளில் இயேசு கடுமையாக மறுக்கிறார். அவள் அழுதுகொண்டு திரும்பவில்லை. மேசைக்குக் கீழே விழும் துணுக்கைச் சொல்லி வாதாடுகிறாள். அவள் சொன்ன சொல்லுக்காகவே மகள் சுகமடைந்தாள் என்று இயேசு ஒத்துக்கொள்கிறார். விரிவுரைகள் இந்தக் கடுமையை மழுப்பப் படாத பாடு படுகின்றன. வன்னியில் அது தேவையில்லை. ஏனென்றால் இங்கே கண்ணகி கோயில்களில் சிலம்பு கூறல் படிக்கும்போது ஊர் ஆண்டுதோறும் கேட்பது இன்னொரு பெண்ணின் வழக்கை: அன்னிய நாட்டுச் சபையில் தனியே நின்று, அரசனின் தீர்ப்பைப் பிழையென்று காட்டி, அவன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைத்தவள். பாண்டியன் அங்கேயே உயிரை விட்டான். இரண்டு கதையிலும் உயரத்தில் இருப்பவர்தான் பாடம் கேட்கிறார், கீழே நிற்பவள் சொல்லிக்கொடுக்கிறாள். மரியாதையைச் சின்னவர் பெரியவருக்குக் கொடுப்பதாகவே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பழக்குகிறோம். இந்த இரு மரபும் அதைத் தலைகீழாக்குவதை நம் பிரசங்கிகள் ஏன் உரக்கச் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

யோபுவின் நண்பர்களை விட்டுவிட்டு இந்தப் பொருளைப் பேசவே முடியாது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் கிடந்தவனைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. பிறகு வாய் திறந்தார்கள். நீ ஏதோ பிழை செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் செய்யார் என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். முடிவில் கடவுள் அந்த மூவரையும் கடிந்து, முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியின் முற்றங்களுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தொடங்கி, நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோர் ஆணைக்குழு, ஆய்வு மாணவர், தொண்டு நிறுவனம் என்று ஒரே தாய் ஒரே கதையை வேறு வேறு படிவத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். தரையில் உட்கார்ந்தவர் சிலர். உட்காருமுன்பே விளக்கத் தொடங்கியவர் பலர். மறந்துவிடு, மன்னித்துவிடு, விதி, பாவம் என்றவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கினார்கள். கையில் பிள்ளையின் படம். சைவக் கோயில் வாசலில் சைவத் தாயும் கத்தோலிக்கத் தாயும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். சாமுவேல் இரண்டாம் நூலில் ரிஸ்பா என்ற பெண் வருகிறாள். கொல்லப்பட்டுக் கிடந்த தன் பிள்ளைகளின் உடல்களைக் காக்கப் பாறையில் சாக்கை விரித்து, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அண்டாமல் இருந்தவள். வேதத்தில் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டுகிறது. எலும்புகளைச் சேர்த்து முறையாக அடக்கம் செய்கிறான். வன்னித் தாய்மாருக்கு ரிஸ்பாவுக்கிருந்த உடல்களும் இல்லை. தாவீதுக்கிருந்த காதும் கொழும்பில் இல்லை. ஞாயிற்றுப் பூசை வாசகங்களில் ரிஸ்பாவின் பகுதி வருவதில்லை. வன்னிப் பங்குகளிலாவது தவக்காலத்தில் அதை எடுத்து வாசித்து, அந்தத் தாய்மாரையே மறையுரை சொல்ல அழைக்கலாம்.

இனி இந்தத் துறையில் நடக்க வேண்டியது தெளிவு. அவுஸ்திரேலியாவில் பூர்வகுடி ஆய்வுக்கு எழுதிய ஒழுக்கநெறி உண்டு: கதை சொன்னவருக்கே சொந்தம், எதைப் பதியலாம், யார் கேட்கலாம் என்பதை அவர் தீர்மானிப்பார், பதிந்தது ஊருக்குத் திரும்பிவர வேண்டும். நம்மிடம் கூத்துப் பிரதிகளைத் தேடிய ஆர்வலர் இருந்தார்கள், ஆனால் அண்ணாவிமாரைத் தேடிய அளவுக்கு ஒப்பாரி சொல்லும் பெண்களைத் தேடவில்லை. இடப்பெயர்வில் ஏடும் கொப்பியும் போயின. எஞ்சியவை முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்குள்ள மாணவரும் யாழ். மறைமாவட்டத்துப் பங்குகளும் அம்மன் கோயில் பரிபாலனசபைகளும் சேர்ந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருநாளுக்கும் வரும் முதியவர்களைச் சந்திக்கத் தொடங்கலாம். ஒலிப்பதிவுக் கருவியைக் கடைசியில் எடுத்தால் போதும், அதுவும் அவர்கள் சம்மதித்தால்.