உறவுமுறை விசாரிக்கும் காது

ஜாஸ் இசைத்தட்டை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'சக்தி' குழுவின் 1976ஆம் வருஷத்துத் தட்டைக் கேட்டதும் இரணியல் நண்பருக்கு முகம் மலர்ந்தது. விநாயக்ராமின் கடமும் எல். சங்கரின் வயலினும் இருக்கிறதே. ஜான் மக்லாக்ளினின் கிதார் அவருக்குப் பக்கவாத்தியம்தான். கோல்ட்ரேன் 1961இல் வாசித்த 'இந்தியா'வுக்கும் அதே மலர்ச்சி, பெயருக்காக. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959) தொடங்கியதும் எழுந்து போய்விட்டார். இதை ரசனை என்று ஏற்க என்னால் முடியாது. உறவுமுறை விசாரிப்பது இது. 'வெறும் சத்தம்' என்று ஒதுக்குகிறவனாவது தன் காதை நம்புகிறான்.

சார்லி மரியானோ பாஸ்டன்காரர். 1963இல் சார்லஸ் மிங்கஸின் தட்டொன்றில் சாக்ஸபோன் வாசித்தவர், பிறகு நாதஸ்வரம் கற்றுக்கொண்டு, 'எம்ப்ரியோ' என்ற ஜெர்மன் குழுவின் 1973 தட்டில் அதை வாசித்தார். கோயில் நாதஸ்வரம் கேட்டே வளர்ந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிவைத்து அதைப் போட்டேன்.

"நம்ம வாத்தியம்லா!" என்று பூரித்தார் நண்பர்.

பெரியவர் பூரிக்கவில்லை. "கொள்ளாம். ஆனா ஒத்து இல்ல, தவில் இல்ல. எதுமேல நின்னு வாசிக்கான்?"

ஜாஸ் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி. அடியில் ஓடும் டிரம்ஸைக் கவனிக்கச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னார்.