பெயரா, உயிரா? – ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்'

பொன்னை உருக்கப் பொற்கொல்லர் கையாளும் மட்கலத்திற்கு மூசை என்று பெயர். அதிலிட்டு ஊதினால் மாசு பிரியும். பொன் தனித்து நிற்கும். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் தம் நாடகத்திற்கு அப்பொருள்படவே 'தி குரூசிபிள்' என்று பெயரிட்டார். 1953 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நியூயார்க் நகரில் முதன்முதல் மேடையேறிய இந்நாடகம், நான்கு அங்கங்களில் ஓர் ஊரையே மூசையிலிட்டு உருக்கிக் காட்டுகின்றது. அங்கே கசடாக ஒதுங்கியது எது, பொன்னாக நின்றது எது என ஆராய்வதே இதனைக் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் உரிய முதற்பணியாகும்.

வரலாறு தரும் அடிப்படை

நாடகத்தின் களம் தமிழகத்துச் சேலமன்று. அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் பகுதியிலிருந்த சேலம். பியூரிட்டன் எனப்படும் தூய்மை நெறியினர் வாழ்ந்த ஊர் அது. 1692 ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுமியர் சிலர்க்கு இன்னதென்று அறியவொண்ணாத வலிப்புக் கண்டது. காரணம் சூனியமே என்றனர் பெரியோர். ஓராண்டுக்குள் குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை 150ஐக் கடந்தது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்கை ஏற்று மறுமொழி கூற மறுத்த ஜைல்ஸ் கோரி என்னும் முதியவர் கற்சுமை ஏற்றி நசுக்கப்பட்டு மாண்டார்.

இன்னாருடைய ஆவியுரு வந்து தம்மைத் துன்புறுத்திற்று என்று கூறுவதையே அக்காலத்து மன்றம் சான்றாக ஏற்றது. கூறுவோர்க்கன்றிப் பிறர்க்குப் புலப்படாத சான்றை மறுப்பது எங்ஙனம்? அதனினும் கொடியது ஒன்றுண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நிலைத்தவர் தூக்குக்குத் தப்பினர், மறுத்தவரே மடிந்தனர். மெய் உயிரைப் பறிக்க, பொய் உயிரைக் காத்தது. இம்முறைகேட்டையே மில்லர் தம் நாடகத்தின் உயிர்நிலையாகக் கொண்டார்.

இரு காட்சிகள்

இரண்டாம் அங்கத்தில், ஜான் பிராக்டரின் இறைப்பற்றைச் சோதிக்க வரும் ஹேல் பாதிரியார், பத்துக் கட்டளைகளையும் சொல்லுமாறு கேட்கின்றார். ஒன்பதைச் சொன்ன பிராக்டர் பத்தாவது நினைவிற்கு வராமல் திணறுகின்றான். விடுபட்டது பிறன்மனை நாடாமை பற்றிய கட்டளை. அதனை மெல்ல எடுத்துக் கொடுப்பவள் அவன் மனைவி எலிசபெத். பணிப்பெண்ணாக இருந்த அபிகேலோடு அவன் தவறியதை அறிந்தவள் அவள். கணவனின் குற்றவுணர்வும் மனைவியின் ஆறாத புண்ணும் ஒரு சொல்லில் வெளிப்பட்டு விடுகின்றன. நாடகத்தில் சொல்லாமற் சொல்லும் திறனுக்கு இக்காட்சி தக்க சான்று.

மூன்றாம் அங்கத்தில் அந்தப் புண் நீதிமன்றத்திற்கே வருகின்றது. அபிகேலின் பொய்யை உடைப்பதற்காகப் பிராக்டர் தன் மானத்தை விட்டுத் தன் தவற்றைத் தானே அறிவிக்கின்றான். தன் மனைவி பொய்யே கூறாதவள் என்றும் உறுதி சொல்கின்றான். எலிசபெத் வரவழைக்கப்படுகின்றாள். கணவன் முகத்தை அவள் காணலாகாது என்பது நடுவரின் ஆணை. கணவன் ஏற்கெனவே உண்மையைக் கூறிவிட்டதை அறியாத அவள், அவன் பெயரைக் காக்க எண்ணி, வாழ்வில் முதன்முறையாகப் பொய் கூறுகின்றாள். அன்பினாற் பிறந்த அந்தப் பொய்யே அவனை வீழ்த்துகின்றது. நல்லோரின் நற்குணத்தையே அவர்க்கு எதிரான கருவியாக்கும் மன்றத்தை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

ஒரு குறை

வரலாற்றில் அபிகேல் 11 அல்லது 12 வயதுச் சிறுமி. பிராக்டரோ 60 வயதை அடுத்தவர். மில்லர் அவளை 17 வயதினள் ஆக்கினார். அவனை முப்பதுகளில் நிறுத்தினார். இருவரிடையே உறவையும் படைத்தார். மாசற்றவனாக அல்லாமல், தவறி வருந்துபவனாகத் தலைவன் அமைந்தது இதனால் விளைந்த நன்மை. ஆயினும் ஊரின் பழி முழுவதும் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலைமேல் விழும் இடர் உண்டு. நிலத்துக்குப் பூசலிடும் புட்னமின் பேராசையும், தன் பதவிக்கு அஞ்சும் பாரிஸ் பாதிரியாரின் தன்னலமும் ஓரளவு பின்னுக்குப் போகின்றன. மாணவர் பலர் அபிகேலே எல்லாவற்றிற்கும் காரணம் என்று எழுதிவிடுவது இதனாலேதான்.

இக்குறையை இறுதி அங்கம் பெரிதும் ஈடுசெய்கின்றது. அபிகேல் ஊரைவிட்டு ஓடிய செய்தி கிடைத்த பின்னும் நடுவர் டான்ஃபோர்த் தூக்கை நிறுத்தவில்லை. முன்னரே பன்னிருவர் தூக்கிலேறிவிட்டனர். இப்போது மன்னித்தால் அவர்கள் குற்றமற்றவர் என்னும் ஐயம் எழுமே என்பது அவர் கவலை. பொய்யைத் தொடங்கியவள் சிறுமி. அதனை நிலைநிறுத்தியது, தன் பிழையை ஒப்ப நாணிய அதிகாரம். இந்த வேறுபாட்டை வகுப்பில் தெளிவுறுத்துதல் ஆசிரியர் கடன்.

பெயரின் விலை

உயிராசையால் பிராக்டர் பொய்யான ஒப்புதலில் கையெழுத்திடுகின்றான். ஆயினும் உடன் குற்றவாளிகள் என்று பிறர் பெயரைச் சொல்ல மறுக்கின்றான். தன் ஒப்பம் கோயில் கதவில் ஒட்டப்படும் என்று அறிந்ததும் தாளைக் கிழித்தெறிந்து தூக்குமேடைக்கு நடக்கின்றான்.

பொதுவுடைமையரைத் தேடிப் பிடித்த அன்றைய அமெரிக்க அரசியலின் உருவகமே இந்நாடகம் என்று பலர் கூறுவர். அது மெய், ஆனால் முழுமையன்று. உருவகம் மட்டுமாயின் அக்காலத்தோடு நாடகமும் மறைந்திருக்கும். 1956 ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுமுன் மில்லரே நிறுத்தப்பட்டார். தம்மைப் பற்றிப் பேசிய அவர், பிறர் பெயரைக் கூற மறுத்தார். 1957இல் அவமதிப்புக் குற்றவாளி எனப்பட்டார். 1958இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீங்கிற்று. தம் தலைவனுக்கு அளித்த மறுமொழியை மூன்றாண்டு கழித்துத் தாமே கூற நேர்ந்த ஆசிரியர் அவர்.

சேலத்தில் தண்டனை பெற்றும் பழி துடைக்கப்படாமல் எஞ்சிய கடைசிப் பெண்ணின் பெயர் 2022 ஆம் ஆண்டில்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தால் மீட்கப்பட்டது. ஒருவர் பெயரைக் கெடுக்க ஒரு சிறுமியின் கூச்சல் போதும்; அதனை மீட்க 330 ஆண்டுகள் ஆயின. பிராக்டர் அந்தத் தாளை ஏன் கிழித்தான் என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.