ஏறிய ஏணி எங்கே?

பள்ளிக்கூடம் ஒரு சிறைக்கூடம் என்று கூறுவோர் பெருகி வருகின்றனர். கூறுவோர் யாரென்று பார்த்தால், பள்ளியின் வாயிற்படியை மிதிக்க வழியின்றித் தவித்தவர்கள் அல்லர். பள்ளியில் படித்து, கல்லூரியில் தேறி, பட்டமும் பதவியும் பெற்று, அவற்றின் பயனைச் சுவைத்துச் சலித்தவர்கள்! பசித்தவன் சோற்றைப் பழிப்பதில்லை. உண்டு முடித்தவனுக்குத்தான் பட்டினியின் பெருமையைப் பேச நேரம் கிடைக்கிறது.

அமெரிக்காவிலே இந்தச் சலிப்பு இன்று ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்ந்திருக்கிறது. வீட்டை விற்றுவிடுவது, வேன் ஒன்றை வாங்குவது, அதற்குள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைப்பது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றுவது. பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்று கேட்டால், சாலையே கல்விச்சாலை என்பதுதான் விடை! கொரோனா நோய் பள்ளிகளைப் பூட்டிய காலத்திலே இந்தப் போக்குக்குப் புது வலிவு பிறந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், 2020 இளவேனிலில் 5.4 விழுக்காடு வீட்டிலேயே கற்பித்துவந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்திலே அது 11.1 விழுக்காடாக உயர்ந்தது என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே கூறிற்று. நோய் தணிந்தது, எண்ணத்தின் கவர்ச்சி தணியவில்லை.

வேனிலே வாழும் குடும்பங்கள் தம் பெருமையைத் தாமே படம்பிடித்துக் காட்டுகின்றன. மலையடிவாரம், மாலை வெயில், மண்ணில் விளையாடும் மழலைகள்! காணக் கண்கோடி வேண்டும். ஆனால் அந்த மழலைகள் இன்னும் வளரவில்லை. அவர்கள் தீர்ப்பு இன்னும் வரவில்லை. விதைத்தவனைக் கேட்டால் விதையின் பெருமையைத்தான் பேசுவான். விளைச்சலைப் பார்த்தவன் சொல்லட்டும். ஆகவே, விளைச்சலைக் காட்டும் பழைய படம் ஒன்றை நம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். டக் பிரே என்பவர் இயக்கி, 2007இல் வெளிவந்த 'சர்ஃப்வைஸ்' என்னும் ஆவணப்படம் அது.

படத்தின் நாயகர் டோரியன் பாஸ்கோவிட்ஸ். 1921இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரிலே பிறந்தவர். புகழ்பெற்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர். மதிப்பும் பணமும் கைகட்டி நின்ற நேரத்திலே, இது வாழ்வல்ல என்று உதறினார். கடலலை மீது பலகையேறிச் சறுக்கும் விளையாட்டே அவர் உயிர். மனைவி ஜூலியட்டுடன் 24 அடி நீளமுள்ள முகாம் வண்டி ஒன்றிலே குடியேறினார். பிள்ளைகள் ஒன்பதுபேர், ஆண்கள் எண்மர், பெண் ஒருத்தி. வண்டியே வீடு, கடற்கரையே முற்றம். எந்தப் பிள்ளையையும் அவர் பள்ளிக்கு அனுப்பவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் உணவிலே விலக்கு. நாள்தோறும் கடலில் இறங்குவது கட்டாயம். ஏட்டறிவை நாடவேண்டாம், வாழ்வு தரும் தெளிவே போதும் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியை நாம் எள்ளி நகையாடித் தள்ளிவிட விரும்பவில்லை. இதற்கு அறிவார்ந்த வழக்கறிஞர்கள் இருந்திருக்கின்றனர். அவர்களுள் தலையாயவர் ஜான் ஹோல்ட். வகுப்பறையிலே ஆசிரியராக இருந்து, பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி, 'குழந்தைகள் எவ்வாறு தோற்கின்றனர்' என்ற நூலை 1964இல் எழுதினார். வகுப்பறையில் அமர்ந்துள்ள பிள்ளை பாடத்தைச் சிந்திப்பதில்லை. ஆசிரியர் எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்று அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. தவறிவிடுவோமோ என்ற அச்சமே அதன் அறிவைக் கட்டிப்போடுகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். பள்ளியைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை பின்னர் அவருக்குத் தளர்ந்தது. 'பள்ளியின்றி வளர்தல்' என்ற இதழை 1977இல் தொடங்கி, வீட்டிலே இயல்பாகக் கற்கும் முறைக்கு வழிகாட்டினார்.

ஹோல்ட் கண்ட நோய் உண்மையான நோய். அச்சத்தால் அறிவு வளராது; மனப்பாடத்தால் சிந்தனை பிறக்காது. இவற்றை மறுப்பவர் பகுத்தறிவாளர் ஆகார். வண்டியிலே வாழும் பிள்ளை பலவற்றை நன்றாகவே கற்கும் என்பதையும் ஒப்புகிறோம். நிலப்படத்தை அது உருப்போடுவதில்லை, வழிகாணப் பயன்படுத்துகிறது. இன்னும் எத்தனை மைல், எத்தனை காலன் பெட்ரோல், கையிலுள்ள பணம் எந்த ஊர்வரை கொண்டுசெல்லும் என்று கணக்கிடும்போது, ஏட்டில் உறங்கும் வகுத்தல் கணக்கு எழுந்து நடக்கிறது. ஊருக்கு ஊர் மாறும் மண்ணையும் மரத்தையும் மக்களையும் நேரிலே காண்பது சிறிய பேறா?

பெரிய பேறுதான். ஆனால் அந்தப் பேற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கடற்கரையிலே வளரும் பிள்ளை கடல் ஏறுவதையும் வடிவதையும் காண்கிறது. இன்று வந்த ஏற்றம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதையும் கூர்ந்து பார்த்தால் அறியலாம். நிலவுக்கும் நீருக்கும் ஏதோ தொடர்பிருப்பதைக்கூட ஊகிக்கலாம். ஏன் என்று கேட்டால்? அலை பேசுமா? ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதன் கடலோரத்திலே வாழ்ந்தான். ஏற்றவற்றத்தை நாள்தோறும் கண்டான். தெய்வத்தின் செயலென்று கும்பிட்டவர்களும் உண்டு. ஈர்ப்பு விசையைக் கொண்டு அதற்குக் காரணம் காட்டிய நியூட்டனின் நூல் 1687இல்தான் வெளிவந்தது. கடல் காட்டும்; காரணம் கூறாது! காரணத்தைக் கண்டவர்கள் ஏட்டிலே எழுதி வைத்தனர். அந்த ஏட்டைப் பிள்ளையின் கையிலே கொடுத்து, விளங்காத இடத்தை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

'இயல்பு' என்ற சொல்லில் மயங்குவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். பேச்சு இயல்பாக வருகிறது. தாய்மொழி பேசப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் தேவையில்லை. எழுத்து அப்படியன்று. பேசத் தெரிந்த பின்னரும் எழுத்தறியாமல் தலைமுறை தலைமுறையாக மாண்டவர்கள் கோடானுகோடி. எழுத்தும் எண்ணும் அறிவியலும், மனித இனம் தன் பிழைகளைத் தானே திருத்தித் திருத்திச் சேர்த்த செல்வம். அச்செல்வத்திலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்குண்டு. பங்கைக் கொடுக்காமல், காற்றும் கதிரவனும் போதுமே என்று கூறுவது, பாகப்பிரிவினையிலே தம்பியை ஏமாற்றிய அண்ணன் கூறும் ஆறுதலன்றோ!

படத்துக்குத் திரும்புவோம். முற்பகுதியிலே இயக்குநர் நம்மை மயக்குகிறார். வெண்ணுரை எழுப்பும் அலைகள், வெயிலில் பொலியும் உடல்கள், கவலையறியாத சிரிப்பு! ஏன் நாமும் இப்படி வாழக்கூடாது என்று பார்ப்பவர் ஏங்குமளவு காட்சிகள் இழைகின்றன. பிற்பகுதியிலே அவர் வளர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பேசவிடுகிறார். அங்கேதான் படம் உயர்கிறது. அன்பில்லாதவர்கள் அல்லர் அவர்கள். தந்தையின் துணிவைப் போற்றுகின்றனர், கடலை நேசிக்கின்றனர். அதே வாயால், உலகத்திலே இறங்கியபோது கையிலே ஒன்றுமில்லாமல் நின்றதையும் கூறுகின்றனர். ஒரு மகனுக்குத் தந்தையைப் போலவே மருத்துவராகும் ஆசை. விட்டுப்போன படிப்பை ஈடுகட்டி, மருத்துவக் கல்லூரியின் வாயிலை எட்டுவதற்கே நெடுங்காலம் பிடிக்கும் என்று தெரிந்தபோது அந்த ஆசை கருகிவிட்டது.

இந்த ஓரிடத்திலே நாம் நின்று கேட்கிறோம். தந்தை மருத்துவர், மகன் மருத்துவராக வழியில்லை. தடுத்தது வறுமையா? அன்று. அறிவுக் குறைவா? அதுவுமன்று. ஏணியின் உச்சிவரை ஏறிப் பார்த்து, அங்கே இன்பமில்லை என்று இறங்கிவந்த தந்தை, பிள்ளைகள் ஏறிப்பார்க்குமுன் ஏணியையே எடுத்து ஒளித்துவிட்டார்! துறந்தது அவர் உரிமை. பட்டத்தைப் பெற்றவர் பட்டத்தைத் துறக்கலாம். அது தியாகமாகவும் இருக்கலாம். பெறாத பிள்ளை எதைத் துறக்கும்? தன் துறவுக்குப் பிறரைக் கப்பம் கட்டவைப்பதற்குப் பெயர் விடுதலையா?

அலைச்சறுக்கிலே வெற்றிக்கொடி நாட்டிய மகன் ஒருவர் உண்டு. இசையிலே புகுந்து பெயர் பெற்றவர்களும் உண்டு. தந்தை 1972இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பயிற்சி முகாம் பின்னர் குடும்பத்தின் தொழிலாயிற்று. இவற்றை மறைக்கமாட்டோம். வென்றவரை மட்டும் எண்ணிக் காட்டுவது வாதமாகாது. வேறு வழியை நாடியவருக்கு வழி திறந்திருந்ததா என்பதே கேள்வி. பள்ளியிலே தோற்ற பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே உலகம் இருக்கிறது. 24 அடி வண்டியே உலகமாகிவிட்ட பிள்ளைக்குத் தந்தையின் கருத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? ஆசிரியரும் அவரே, அரசரும் அவரே, முறையீட்டு மன்றமும் அவரே! சட்டத்தை உதறிவந்தவர் தம் சொல்லையே சட்டமாக்கினார்.

தாயைப் பற்றியும் ஒரு சொல். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, பாலூட்டி, அந்தக் குறுகிய கூட்டிலே உணவாக்கி, துணி துவைத்து வளர்த்தவர் ஜூலியட். கட்டற்ற வாழ்வு என்று தந்தை பாடிய பாட்டுக்குத் தாளம்போட்ட கைகள் யாருடையவை? படம் அவரை அன்புடன் காட்டுகிறது. ஆனால் அவர் இழந்தது என்ன என்ற கேள்வியைப் போதிய அழுத்தத்துடன் எழுப்பவில்லை. முடிவிலே பிரிந்திருந்த குடும்பம் ஒன்றுகூடுகிறது, தழுவிக்கொள்கிறது, கண்கள் கலங்குகின்றன. நமக்கும் மனம் நெகிழ்கிறது. ஆனால் கண்ணீர் கணக்கைத் தீர்க்காது. இழந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தழுவலிலே கரைத்துவிட்டது இப்படத்தின் குறை. 2014இல் பாஸ்கோவிட்ஸ் மறைந்தார், கேள்வி மறையவில்லை.

அந்தக் கேள்வி வழக்குமன்றத்திலும் எழுந்ததுண்டு. எட்டாம் வகுப்புக்கு மேல் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் சமயத்தினருக்கு, 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விலக்களித்தது. பெற்றோரின் சமய உரிமை பேசப்பட்டது. அரசின் அதிகாரம் பேசப்பட்டது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒருவர்தாம், பிள்ளையை யார் கேட்டது என்று வினவினார்! அந்தப் பிள்ளை பியானோ வாசிக்க விரும்பலாம். விண்வெளிக்குச் செல்ல விரும்பலாம். கடலை ஆராய விரும்பலாம். அதன் வாயையும் திறக்கவிடுங்கள் என்ற கருத்துப்பட எழுதினார். அலைமீது வளர்ந்த பிள்ளை அலையை ஆராயும் அறிஞனாக வேண்டுமென்றாலும் பள்ளியின் வழியாகத்தான் செல்லவேண்டியிருக்கிறது என்பதை, அந்த ஒரு சொல் எத்துணை அழகாக உணர்த்துகிறது!

ஆனால் அமெரிக்கச் சட்டம் இன்றும் பெரும்பாலும் பெற்றோர் பக்கமே சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்கல்வி எல்லா மாநிலங்களிலும் செல்லும். டெக்சாஸ் மாநிலத்திலே வீட்டில் கற்பிப்போர் அரசிடம் பதிவுசெய்ய வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தேர்வு வைக்கவேண்டியதும் இல்லை. வண்டியில் வாழ்வோர் பலர் அஞ்சல் முகவரிக்கு அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். கல்வி குழந்தையின் உரிமை என்று கூறும் 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யாத நாடும் அதுவே.

நமக்கு இக்கதை முற்றிலும் புதிதன்று. அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டிலே பெற்றோரின் தொழில் என்று சென்னை மாநிலத்திலே 1953இல் ஒரு திட்டம் வந்ததையும், மக்களின் எதிர்ப்பால் 1954இல் அது கைவிடப்பட்டதையும் தோழர்கள் அறிவர். அங்கே ஏழையின் மீது அரசு சுமத்தியது. இங்கே படித்த தந்தை தாமே விரும்பிச் செய்தது. வேறுபாடு பெரிது. ஆயினும் பிள்ளைக்கு விளைவது ஒன்றே: தந்தையின் உலகமே மகனின் எல்லை!

அப்படியானால் வேனிலே பிள்ளைகளுடன் பயணம் போவதே குற்றமா? நாம் அப்படிக் கூறவில்லை. போகட்டும், மலையையும் கடலையும் காட்டட்டும். மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளை நாளையே பள்ளிக்குப் போகிறேன் என்றால், தன் வயதுக்குரிய வகுப்பிலே அமரும் அளவுக்குப் படிப்பு இருக்கிறதா? பெற்றோரன்றி வேறொருவர், பிள்ளையின் நலத்தையும் அறிவையும் அவ்வப்போது பார்த்து உண்மை கூற வழியிருக்கிறதா? இந்த வாழ்வு வேண்டுமா என்று பிள்ளையைக் கேட்டதுண்டா. வேண்டாம் என்றால் வண்டி நிற்குமா?

விடை ஆம் எனில், அந்த வண்டியைப் பள்ளியென்றே நாமும் அழைப்போம். இல்லையெனில், அது சக்கரம் பூட்டிய கூண்டு.

பள்ளியிலே குறையுண்டு. பிரம்பு இருந்தால் ஒடிப்போம். அச்சம் இருந்தால் விரட்டுவோம். மனப்பாடச் சுமை இருந்தால் இறக்குவோம். ஏணியின் படி உளுத்திருந்தால் படியை மாற்றவேண்டும், ஏணியை எடுத்துவிடலாகாது. ஏறிப்பார்த்தவர் எவரும், ஏறாதவனிடம் வந்து, மேலே ஒன்றுமில்லை தம்பி என்று கூறினால், அவனுடைய விடை ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்: "நானே ஏறிப் பார்த்துச் சொல்கிறேன், ஏணி எங்கே?"