பிறைக்கு எத்தனை மடங்கு?

ஷஃபான் 29ஆம் நாள் மாலையில் அம்பாறை மாவட்டத்து வரிப்பத்தான்சேனைக்காரர் மேற்கே பார்த்தால் கண்ணில் படுவது வட்டைதான். பேருவளையாருக்கும் புத்தளத்தாருக்கும் கடல் மட்டம் வரை வானம் திறந்து கிடக்கும். கிழக்கு மாகாணத்தில் சூரியன் கடலில் உதித்து, வயலும் மரமும் தாண்டி, மலைகளின் பக்கமாக மறைகிறது. தலைப்பிறை தாழ்வாகத் தங்கும் அடிவானத்தின் கடைசித் துண்டு நமக்குக் கிடைப்பதில்லை. பெரும்போக வெள்ளாமை வெட்டி வைக்கோல் எரிக்கும் காலமென்றால் மிச்சமிருப்பதிலும் பாதியைப் புகை தின்றுவிடும்.

அதனால் "பள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்குவோம்" என்ற பேச்சு எழுவது நியாயமானதே. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஸூம் கருவியை. 10 மடங்கிலிருந்து 30 மடங்கு வரை திருகலாம் என்பார். ஒரே காசுக்கு மூன்று பைனாகுலர் கிடைத்ததுபோல் இருக்கும். நன்கொடை கொடுத்தவருக்கும் பெரிய எண்ணைச் சொல்வதில் ஒரு பெருமை.

பிறை தேடுவதற்கு அந்தப் பெரிய எண் இடைஞ்சல். தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது அகலமான பார்வைப் பரப்பு. நிலையான மடங்குள்ள சாதாரண 10×50 கருவி ஏறத்தாழ ஆறரைப் பாகை வானத்தை ஒரே பார்வையில் காட்டும். ஸூம் கருவி அதே 10 மடங்கில் பெரும்பாலும் நான்கு பாகைக்கு மேல் தராது. கணக்குப் பார்த்தால் கண்ணுக்குள் வரும் வானம் பாதிக்கும் குறைவு. மடங்கைக் கூட்டக் கூட்டப் படம் மங்கும், கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். இரண்டு குழாய்களும் ஒரே அளவில் திருகிக்கொள்ள வேண்டும். மலிவான ஸூமில் அது அரிதாகத்தான் நடக்கும். ஒரு கண்ணுக்கு ஒரு அளவு, மறு கண்ணுக்கு இன்னொரு அளவு என்றால் ஐந்து நிமிடத்தில் தலைவலி வரும், இல்லாத கோடும் தெரியத் தொடங்கும்.

துப்பாக்கி சுடும் களங்களிலும் கையிருப்புக் குறைந்தவர்கள் நிலையான 10 மடங்குத் தொலைநோக்கியை விரும்புவது இதே காரணத்தால்தான். இலக்கின் தூரம் முன்கூட்டியே தெரியும், அசையும் வில்லைகள் குறைவு, அதே விலைக்குக் கண்ணாடியின் தரம் கூடும். பிறைக்கும் தூரம் மாறப்போவதில்லை.

சரி, நிலையானது என்றால் எது? கடற்றொழிலாளர் மத்தியில் 7×50க்கு நல்ல பெயர் உண்டு. ஆடும் படகில், காரிருளில் அது பொருத்தமான கருவிதான். முன்வில்லையின் விட்டமான 50ஐ மடங்கான 7ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம், சுமார் 7 மில்லிமீற்றர். நள்ளிரவில் இளைஞரின் கண்மணி அந்த அளவுக்கு விரியும். மஃரிபுக்குப் பிந்திய வெளிச்சத்தில் அவ்வளவு விரியாது. பள்ளி நிர்வாகத்திலுள்ள மூத்தவர்களின் கண் நள்ளிரவிலும் விரியாது. வந்த ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்கு வெளியே வீணாகும். 10×50 தருவது 5 மில்லிமீற்றர், அந்திக்கு அது தாராளம். கூடுதல் மடங்கு பிறையின் மெல்லிய கோட்டைச் சற்றே தடிப்பாகவும் காட்டும். கையில் பிடித்தே பார்க்க வேண்டியவருக்கு 8×42 போதும்.

என் தெரிவு 10×50, ஆனால் முக்காலியோடு. முக்காலி இல்லாமல் 10×50 வாங்குவது அரைக் காரியம். நடுக்கம் நிற்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கையில் பிடித்த கருவியில் ஒருவர் "கண்டேன்" என்றால் அது அவருடைய பேச்சு. அடுத்தவர் வாங்கிப் பார்க்கும்போது கருவி வேறெங்கோ திரும்பியிருக்கும். முக்காலியில் பூட்டிய நிலை மடங்குக் கருவியில் முதலாமவர் கண்ட அதே இடத்தை, அதே அளவில், சில நொடிக்குள் மௌலவியும் பார்க்கலாம், மறுப்பவரும் பார்க்கலாம். உண்மையில் பிறை அங்கிருந்தால் அவர்களுக்கும் தெரியும். அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் தேடவும் முடியும். சாட்சியின் நாணயத்தைத் தோண்டாமலே சாட்சியத்தைச் சோதிக்கும் வழி இது.

நம் நாட்டில் இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் 2013ஐ நினைக்கலாம். ஓகஸ்ட் 7 மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாக வந்த சாட்சியத்தை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஏற்கவில்லை. நாட்டில் பெரும்பாலானோர் 9ஆம் திகதியும் சிலர் 8ஆம் திகதியும் பெருநாள் எடுத்தார்கள். அமாவாசைக் கணம் 7ஆம் திகதி அதிகாலை 3.21க்குத்தான் கழிந்திருந்தது, மஃரிப் வேளையில் பிறைக்கு வயது சுமார் 15 மணித்தியாலம். உலகில் வெறுங்கண்ணால் கண்டதாகப் பதிவான மிக இளம் பிறையே ஏறத்தாழ பதினைந்தரை மணித்தியாலம். ஆனால் ஊரில் பேச்சு வானத்தைப் பற்றி நடக்கவில்லை. யார் பொய்யர், யார் அதிகாரம் பண்ணுகிறார் என்றுதான் போயிற்று.

அன்று அங்கே ஒரு 10×50 இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. கருவியின் எல்லை இங்கேதான் தொடங்குகிறது. பிரித்தானிய வானியலாளர் பெர்னார்ட் யாலொப் 1997இல் வகுத்த அளவுகோல் பிறைகளை ஆறு வகையாகப் பிரிக்கிறது. முதல் இரண்டில் கண்ணே போதும், கடைசி இரண்டில் தொலைநோக்கியும் உதவாது. பைனாகுலருக்கு வேலையிருப்பது நடுவிலுள்ள இரண்டில் மட்டும். ஈரானில் 2002 செப்டம்பரில் 11 மணித்தியாலம் 40 நிமிட வயதுப் பிறையைக் கண்டவர் கையாண்டது 40×150 என்ற இராட்சதக் கருவி. அதுவும் நிலையான மடங்குதான், ஆனால் பள்ளி நிதியில் அடங்காது.

அடுத்தது மார்க்கத் தீர்ப்பு. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1983இலேயே தொலைநோக்கி வழியாகக் கண்டதையும் ஏற்கலாம் என்றது. வெறுங்கண் காட்சியே வேண்டும் என்போருக்கோ பைனாகுலர் எங்கே பார்ப்பது என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. பள்ளி எந்த நிலைப்பாட்டில் நிற்கிறதென்று வாங்குமுன் பேசிக்கொள்வது நல்லது. வாங்கிய பிறகு, அதுவும் பெருநாள் இரவில், பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

கருவி புதிய தவறுகளையும் கொண்டுவரும். வெள்ளி சில மாதங்களில் பூமியை நெருங்கி வரும்போது 10 மடங்கில் குட்டிப் பிறையாகவே தெரியும், அறியாதவர் ஏமாறலாம். நம் அகலாங்கில் தலைப்பிறையின் ஒளிர்ந்த பக்கம் சூரியன் இறங்கிய திசையை, அதாவது பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். கொம்புகள் கீழே தொங்கின என்பவரை அடுத்த கேள்வி கேட்கவே தேவையில்லை. இவற்றைவிடப் பெரிய ஆபத்து அவசரம். சூரியன் முழுதாக மறையுமுன் பைனாகுலரை அந்தப் பக்கம் தூக்கினால் கண் நிரந்தரமாகப் பழுதாகலாம். பிள்ளைகள் சூழ நிற்கும் இடத்தில் ஒருவர் இதற்கென்றே பொறுப்பாக நிற்க வேண்டும்.

மேகத்துக்கு எந்த வில்லையாலும் பதில் சொல்ல முடியாது. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து இப்போது வடகீழ்ப் பருவ மழைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு தலை நோன்புகள் வரும். அந்த மாதங்களில் அம்பாறைக் கரை நனைந்து கிடக்கும். புத்தளம், மன்னார்ப் பக்கம் வானம் நம்மைவிடத் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம், மேற்கே கடலும் உண்டு. ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறதென்றால், அந்த வருடங்களுக்கு அதை நம் வட்டை வரம்பில் நிறுத்துவதைவிட அங்குள்ள ஒரு பள்ளிக்குக் கொடுத்துவைப்பது நமக்கே கூடுதல் பயன்.