ஃப்ளோரா ஆனி ஸ்டீலின் பஞ்சாப்

ஃப்ளோரா ஆனி ஸ்டீல் (1847–1929) இங்கிலாந்தில் ஹாரோவில் பிறந்தவர். இந்திய ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி ஸ்டீலை 1867-ல் மணந்து இந்தியா வந்தார். 1889 வரை பெரும்பாலும் பஞ்சாபில் வாழ்ந்தார். அக்காலத்தில் வெள்ளை அதிகாரிகளின் மனைவியர் பலர் பங்களா, கிளப், கோடையில் மலைவாசஸ்தலம் என்ற வட்டத்துக்குள்ளேயே தம் இந்திய நாட்களைக் கழித்தனர். ஸ்டீல் உள்ளூர் மொழியைக் கற்றார். லாகூருக்குத் தெற்கே, இன்று பாகிஸ்தானில் உள்ள கசூரில் பெண்களுக்கு மருத்துவ உதவி செய்தார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராகவும் இருந்தார்.

இந்தப் பழக்கத்தின் முதல் விளைச்சல் நாட்டார் கதைகள். ஆர்.சி. டெம்பிளுடன் சேர்ந்து 1884-ல் 'வைட் அவேக் ஸ்டோரீஸ்' தொகுப்பை வெளியிட்டார். 1894-ல் அதே கதைகள் 'டேல்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' என்ற பெயரில், ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் ஓவியங்களுடன் வந்தன. பொழுது சாய்ந்தபின் கிராமத்துச் சிறுவர்கள் கட்டில்களில் கூடிக் கதை சொல்லும் காட்சியை ஸ்டீல் முன்னுரையில் வரைந்திருக்கிறார். சிட்டுக்குருவியும் காக்கையும் கிச்சடி சமைக்கும் கதையில், காக்கை ஒவ்வொருவரிடமாகப் போய் நிற்கும்போது வேண்டுகோள் நீண்டுகொண்டே போகிறது. அதைச் சுருக்காமல் விட்டதில் வாய்மொழியின் சுவை கெடவில்லை. சிறுவர்களிடம் மாணவியாக உட்காரத் தெரிந்தவர் செய்த வேலை இது.

அதே கைதான் 1888-ல் கிரேஸ் கார்டினருடன் இணைந்து 'தி கம்ப்ளீட் இண்டியன் ஹவுஸ்கீப்பர் அண்ட் குக்' நூலையும் எழுதியது. சமையல், கணக்கு, வேலையாட்களை நடத்தும் முறை எல்லாம் அதில் உண்டு. எஜமானி மொழி கற்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துவது நல்ல யோசனைதான். ஆனால் கற்பது கட்டளையிடுவதற்காக. வளர்ந்த வேலைக்காரர்கள் அங்கே குழந்தைகளாகக் கருதப்படுகிறார்கள். வீட்டை ஆள்வதும் சாம்ராஜ்யத்தை ஆள்வதும் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. குழந்தைகளிடம் பாடம் கேட்டவர் பெரியவர்களைக் குழந்தைகளாக்கிய இந்த முரணை விட்டுவிட்டு ஸ்டீலை வாசிக்க முடியாது.

இரண்டு ஸ்டீல்களும் சந்திக்கும் இடம், 1857 எழுச்சி பற்றிய 'ஆன் தி ஃபேஸ் ஆஃப் தி வாட்டர்ஸ்' (1896) நாவல். இதற்காக 1894-ல் மீண்டும் இந்தியா வந்தவர், கசூரில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். தில்லியில் அரசின் பழைய ஆவணங்களையும் பார்த்தார். நாவலில் கேட் எர்ல்டன் என்ற ஆங்கிலேயப் பெண், கலகத்தில் சிக்கிய தில்லியில் ஒரு மொட்டைமாடி வீட்டில் இந்திய உடையில் ஒளிந்து வாழ்கிறாள். வீட்டு வேலை, நகை, காத்திருப்பு என அந்த மாடியின் அன்றாடம் விரியும் பக்கங்களே நாவலின் உயிர். போர் அத்தியாயங்களில் தகவல் நிறைய, உயிர் குறைவு. பிரிட்டிஷ் ஆட்சியின் உரிமை பற்றியோ நாவலில் ஐயமே எழவில்லை.

கேட்டுக்குத் துணையாக வருபவள் தாரா. உடன்கட்டை ஏறப் போனபோது ஓர் ஆங்கிலேயனால் தடுக்கப்பட்டவள். காப்பாற்றப்பட்டதற்கு நன்றி சொல்லும் பாத்திரமாக அவளை அமைப்பது எளிது. ஸ்டீல் அவளுக்குக் கோபத்தையும் பொறாமையையும் கொடுத்தார். மாடியில் கேட்டும் தாராவும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் இடங்களில், கசூர் பெண்களோடு பழகிய ஸ்டீல் எஜமானி ஸ்டீலை முந்திவிடுகிறார்.