நாலு மீட்டர் சிங்கப்பூர்

ஸ்டீபன் வில்ட்ஷர். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பெயர் தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து கண் சொருக வருகிறவர்களைக்கூட நான் விட்டதில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லையே, என்ன செய்வேன்! ஒரு மனிதர் ஹெலிகாப்டரில் ஏறி ஊரை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார், கீழே இறங்குகிறார், கையில் ஒரு பேனாவை எடுக்கிறார், போட்டோ கிடையாது, மேப் கிடையாது, ஒரு வரிக் குறிப்பு கிடையாது, அந்த ஊரை அப்படியே நாலு மீட்டர் நீளத்துக்கு வரைந்து வைக்கிறார். யாரோ சொல்லிக் கேட்டதில்லை ஐயா, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

2014 ஜூலை. அப்போது நான் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையில் இருந்தேன். அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு 50 வயது நிறையப் போகிறது, அதற்குப் பரிசாக லண்டனிலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்து நகரத்தையே வரையச் சொல்லியிருக்கிறார்கள், ஆர்ச்சர்ட் ரோடு பாராகன் மாலில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஐந்து நாள் வரையப் போகிறார் என்று செய்தி. அவருக்கு ஆட்டிசம் என்றும் போட்டிருந்தது. என் மூளை அந்தச் சொல்லில்தான் முதலில் நின்றது, ஏனென்றால் வாலாஜாபாத்தில் என் அக்கா மகனுக்கு அதே சொல்லை டாக்டர் சொல்லி அதிக நாள் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ஆட்கள் எல்லோரும் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குத்தான் போவார்கள், நானும் அப்படித்தான், ஊருக்குப் பணம் அனுப்புவது, பிரியாணி, நாலு கதை. அந்த ஞாயிறு மட்டும் இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஆர்ச்சர்டில் போய் இறங்கினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை!

நினைத்துப் பாருங்கள். கண்ணைக் கூசவைக்கிற மால், ஏசி குளிர், வாசனைத் திரவியக் கடைகளிலிருந்து வருகிற நெடி, எஸ்கலேட்டரில் ஏறுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கான போன்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன, இதெல்லாவற்றுக்கும் நடுவில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதர். காதில் ஹெட்போன். பாட்டுக் கேட்டபடிதான் வரைவாராம். கை போகிறது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன்! நின்று யோசிப்பது இல்லை, பின்னால் நகர்ந்து நின்று சரிபார்ப்பது இல்லை, ஸ்கேல் இல்லை, மை நேராகத் தாளில் இறங்குகிறது. ஒரு நெடுங்கோடு, கீழே ஒரு நெடுங்கோடு, நடுவில் குட்டிக் குட்டியாகத் தட்டிக்கொண்டே வருகிறார், அவ்வளவுதான், ஐம்பது ஜன்னல் எழுந்து நிற்கிறது. மெரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்கள், தலையில் அந்தக் கப்பல், அதைச் சுற்றித் தண்ணீர், இந்தப் பக்கம் வங்கிக் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு. நான் கூட்டத்தில் நுழைந்து நுழைந்து முன்வரிசைக்குப் போய்விட்டேன், கண்ணை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினேன், ஓட்டினேன், ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். நான் வேலை பார்த்த கட்டடம்! நான் கயிற்றிலும் தொட்டிலிலும் தொங்கிக்கொண்டு, வெயிலில் கை சுட, சீலன்ட் நெடியில் தலை கிறுகிறுக்க, ஒவ்வொரு கண்ணாடியாகத் தூக்கிப் பொருத்திய கட்டடம்! உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பக்கம் மட்டும் உள்ளே மடங்கியிருக்கும், அந்த மடிப்பில் கண்ணாடி உட்கார வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், தெருவில் போகிற யாரும் அதைக் கவனித்ததே இல்லை, ஆகாயத்தில் பறந்துபோன இந்த மனிதர் கவனித்திருக்கிறார், என் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் அந்த மடிப்பு இருந்தது, அதற்குள் ஜன்னல்கூட இருந்தது! பக்கத்தில் நின்ற சீனப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு “அது என் கட்டடம், அது என் கட்டடம்” என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் தோளைத் தட்டினார்.

சிங்கப்பூரை விடுங்கள், நம்ம ஊருக்கு வருவோம். உங்களை ஹெலிகாப்டரில் ஏற்றி வாலாஜாபாத்துக்கு மேலே ஒரு சுற்று விடுகிறார்கள். கீழே பாலாறு மணல், அவளூர் தரைப்பாலம், ரயில்வே ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி, மேற்கே காஞ்சிபுரத்துக் கோபுரங்கள், கிழக்கே தென்னேரி ஏரி தகதகவென்று, அதைத் தாண்டி ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகள், வரிசை வரிசையாக நிற்கும் புதுக் கார்கள், சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் ஜல்லி லாரிகள். இறக்கிவிட்டுக் கையில் பேனாவைக் கொடுத்து வரை என்கிறார்கள். நானாக இருந்தால் பாலாற்றுக்கு இரண்டு கோடு போட்டதோடு சரி. அவர் லாரிகளின் சக்கரங்களை வரைந்துகொண்டிருப்பார்!

இந்த மனிதர் யார் என்று தேடித் தேடிப் படித்ததில் இன்னும் பைத்தியம் முற்றிவிட்டது. 1974-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பார்படோஸ், அம்மா செயின்ட் லூசியா, இரண்டும் கரீபியத் தீவுகள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், அதே வயதில் அப்பா மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை பேசவில்லை. ஐந்து வயதில் குவீன்ஸ்மில் என்ற பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, வரைவது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாக வரைகிறான், மிருகங்கள், பஸ்கள், அப்புறம் கட்டடங்கள். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வரைகிற சாமான்களை எடுத்து ஒளித்து வைத்தார்கள், வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். பிள்ளை திண்டாடியிருக்கிறான், முனகியிருக்கிறான், கடைசியில் அந்த வாயிலிருந்து முதல் சொல் வந்தது: பேப்பர். அம்மா இல்லை, தண்ணீர் இல்லை, பேப்பர்! இதைப் படித்த ராத்திரி எங்கள் தொழிலாளர் விடுதியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து உட்கார்ந்து அழுதேன், அக்காவுக்குப் போன் போட்டேன், அங்கே நேரம் பன்னிரண்டு தாண்டியிருந்தது, “பேப்பர் வாங்கிக் கொடுக்கா, முதலில் பேப்பர் வாங்கிக் கொடு” என்றேன். அவள் பயந்தே போய்விட்டாள்.

முழுசாகப் பேச ஒன்பது வயது ஆனது. ஆனால் எட்டு வயதிலேயே முதல் ஆர்டர் வந்துவிட்டது! கொடுத்தவர் முன்னாள் பிரதமர் எட்வர்டு ஹீத், வரையச் சொன்னது சாலிஸ்பரி தேவாலயம். 1987-ல் பிபிசி இவரைப் பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பியது, அதில் சர் ஹியூ கேசன் என்ற பெரிய கட்டடக் கலைஞர், பிரிட்டனிலேயே சிறந்த குழந்தை ஓவியன் இவனாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார், தொலைபேசி மணி ஓயவில்லை. அதே வருஷம் முதல் புத்தகம். 1991-ல் வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், லெனின்கிராடு, மாஸ்கோ என்று நீர்சூழ் நகரங்களை வரைந்த புத்தகம், பதினேழு வயதுப் பையன், லண்டன் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடம்! மூளை மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தம் நூலில் ஒரு நீண்ட கட்டுரையே இவருக்காக ஒதுக்கினார். இவ்வளவும் ஆனபிறகு, இருபது வயதைத் தாண்டித்தான் லண்டனில் ஓவியப் பள்ளிக்குப் படிக்கப் போனார். தானே கற்ற கை, பெயர் வாங்கிய கை, அப்புறம்தான் பாடம்! 2005-ல் டோக்கியோவை வரைந்தார், பத்து மீட்டர் நீளம், நினைத்துப் பாருங்கள், பத்து மீட்டர்! ரோம், ஹாங்காங், மாட்ரிட், துபாய், 2009-ல் நியூயார்க், 2016-ல் மெக்சிகோ சிட்டி. ரோமில் பாந்தியன் கோயிலின் தூண்களைக்கூட எண்ணிக்கை பிசகாமல் போட்டார். 2006-ல் ராணியின் எம்பிஇ விருது, அதே ஆண்டு லண்டன் பால்மால் பகுதியில் சொந்தமாக ஒரு கேலரி.

அந்தக் கேலரியை நான் விருதுக்கும் மேலே வைப்பேன். விருதை யாரும் கொடுத்துவிடலாம், கடை போட்டு நடத்துவது வேறு விஷயம். வாடகை, சட்டம் போடும் செலவு, பிரின்ட், விலை பேசுவது, தேதி கொடுப்பது, எந்த ஆர்டரை ஒத்துக்கொள்வது, எதை வேண்டாம் என்பது. இதில் அவருக்குத் தோள் கொடுத்தது அக்கா ஆனெட். பாருங்கள், அங்கேயும் ஓர் அக்கா! அவர் வரைகிறார், வீட்டார் மற்றதைப் பார்த்துக்கொள்கிறார்கள். படம் வரைந்து ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட முடிகிறது என்றால் அதன் பின்னால் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை நன்றாக வரைகிறான் என்று சுவரில் ஒட்டிவைத்துச் சந்தோஷப்படுவதோடு நின்றுவிடாதீர்கள் என்று எனக்கு யாரைப் பார்த்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்று சொல்லவில்லையே! அவருக்குக் கார்ப் பைத்தியம். பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் உயிர், எந்த மாடல், எந்த வருஷம், எல்லாம் விரல்நுனியில். ஒரகடத்தில் கொண்டுவந்து விட்டால் மனிதர் திரும்பியே போகமாட்டார். இப்போது நான் வேலை பார்க்கும் இங்கே, எங்கள் கம்பெனி லைனில் ரோபோ பெயின்ட் அடிக்கிறது, கேமரா சரிபார்க்கிறது, மனிதக் கை பட வேண்டிய இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் இதே வட்டாரத்தில்தான் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடுகிற தங்க நிறக் கோட்டைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே போடுகிறார்கள். வளைவில் பிரஷ் திரும்பும்போது கோடு தடிக்காது, மெலியாது. வில்ட்ஷரின் கை அந்தக் கை.

வெறும் ஞாபகசக்திதான், கற்பனை எங்கே என்று கேட்கிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் படத்தின் முன்னால் ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

என் அக்கா மகன் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். ‘மாமா’ என்று அவன் கூப்பிடுவது எப்போதாவதுதான், கூப்பிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. அவன் வரைவது கம்பெனி பஸ். ஒரே பஸ் இல்லை, வாலாஜாபாத் வழியாகப் போகிற அத்தனை கம்பெனி பஸ்ஸும்! காலையில் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பான், சாயங்காலம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைவான், எதில் முன்கண்ணாடி விரிசல், எதில் இடதுபக்க விளக்கு இல்லை, எதில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறது, எல்லாம் வரும். டிரைவர்கள் வந்து தங்கள் வண்டியைத் தேடிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள், ஒருவர் காசு கொடுத்து வாங்கிப்போய் டாஷ்போர்டில் ஒட்டிவிட்டார்! அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு தாளிலும் தேதி எழுதிக் கோப்பில் போட்டு வைக்கிறாள், நான் நல்ல தாளும் மை பேனாவும் வாங்கிவந்து நிறைக்கிறேன். 2016 சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்கிறது, அதில் ஆட்டிசமும் அடக்கம், நல்லது, வேண்டியதுதான். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, பயிற்சிக்குப் போகலாம். ஆனால் இந்தப் பையனுக்குப் பிடித்த வேலை ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சந்தேகப்படுவதில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் “படம் போட்டு என்னப்பா சம்பாதிப்பான்” என்றார். அவரை உட்காரவைத்து ஸ்டீபன் வில்ட்ஷர் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொன்னேன், ஹீத்தில் ஆரம்பித்து கேலரிவரை. இரண்டு டீ ஆனது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராகனில் அவர் வரைந்த அந்தப் படம் மேக்ஸ்வெல் ரோட்டில் சிட்டி கேலரியில் வைக்கப்பட்டது, உள்ளே போகக் காசு கிடையாது. பக்கத்திலேயே மேக்ஸ்வெல் ஃபுட் சென்டர், முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் போனால் சீக்கிரம் வெளியே வர மனசு வராது. தூர நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், மூக்கு தொடுகிற அளவுக்குக் கிட்டே போய் ஒவ்வொரு ஜன்னலாகப் பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பக்கம் மடங்கிய கட்டடம் ஒன்று கண்ணில் பட்டால், அந்தக் கண்ணாடியெல்லாம் எங்கள் ஆட்கள் போட்டது!